இருபத்தெட்டுக் கோப்பைத் தேத்தண்ணி

நல்ல பழக்கவழக்கம் உள்ளவன் உருப்படமாட்டான். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, பட்டுத் தெளிந்து சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட கடைசிக் காலம். மலாயாவிலிருந்து கப்பலேறி வந்து, வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் தங்கி, கொட்டாஞ்சேனையில் வணிகப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.) ஈப்போவுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அப்பா கடிதம் போட்டிருந்தார். 'இந்த மாதத்துக்குள் கொழும்பில் ஒரு வேலை தேடிக்கொள். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் வந்து மாமாவின் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்.' என் மாமாவைத் தெரிந்தவர்களுக்கு என் நடுக்கம் புரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் செல்லத்துரை மாஸ்டர் ஆறு மாணவர்களைக் கம்பெனி பார்க்கவும் ஊர் சுற்றிப் பார்க்கவும் கூட்டிப் போனார். முதலில் ஒரு தேயிலைக் கம்பெனி.

"பின்னேரம் நாலு மணிக்குத் துரை உங்களோடை கதைப்பார். ஒராளைத்தான் வேலைக்கு எடுப்பாராம். என்ரை மானத்தை வாங்கிப்போடாதேங்கோ!" என்றார் மாஸ்டர்.

நீள மேசையில் இருபத்தெட்டுச் சின்னக் கோப்பைகள். பாலுமில்லை, சீனியுமில்லை. துரை ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். பக்கத்திலிருந்த பித்தளைப் படிக்கத்தில் துப்பினார். அதே கரண்டியை அடுத்த கோப்பையில் விட்டார். எச்சில் கரண்டி!

பிறகு எங்களைச் சுவைக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டருக்குத் தேயிலைப் பெட்டிகளைக் காட்டப் போய்விட்டார். எங்கள் ஆறு பேரில் ஒருவனான கிராண்ட்பாஸ் பளீல் எனக்கு முன்னால் நின்று உறிஞ்சி உறிஞ்சித் துப்பினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துரை துப்பலாம், அவருடைய தேயிலை. வந்த இடத்தில், தந்ததை விருந்தாளி துப்புவதா? தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாற்ற நான் ஒருவன்தான் மிச்சம் என்று முடிவு கட்டினேன். கரண்டியைத் தொடாமல், கோப்பையில் வாய் படாமல், அண்ணாந்து ஊற்றினேன். மிச்சம் வைப்பதும் மரியாதையில்லையே! இருபத்தெட்டையும் காலி செய்தேன்.

மியூசியத்துக்குப் போகும்போதே கை நடுங்கியது. நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. யாரும் கேட்காமலே நானாகக் கதைத்துக்கொண்டிருந்தேன். கண்டி ராசாவின் சிம்மாசனத்தை எல்லோரும் பார்த்தார்கள். நான் மூன்று தரம் போய்ப் பார்த்தது கக்கூஸ் கதவை.

"என்ன மச்சான், பேய் புடிச்சிட்டா?" என்றான் பளீல்.

"தேத்தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு."

"டேய்! நீ அத்தனையும் குடிச்சியா? துப்பல்லயா?"

அடுத்தது துறைமுகம். ஒரு கப்பல் கம்பெனி எங்களை மோட்டார்ப் படகில் ஏற்றிக் காட்டியது. ஒன்றரை மணி நேரம். எங்கே பார்த்தாலும் தண்ணீர். அலை படகை மெதுவாக, மிக மெதுவாகக் குலுக்கியது. நான் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன்.

"ஐசே, சும்மா இரும்! படகு பிரளப் போகுது!" என்று மாஸ்டர் கத்தினார்.

கரைக்கு வரும்போது நாலு மணியாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. "சேர், ஒரு நிமிஷம்..." என்றேன்.

"ஒரு நிமிஷமும் இல்லை. துரைமார் காத்திருக்க மாட்டினம், ஓடும்!"

ஓடினேன். அந்த ஓட்டத்தின் வேதனையை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

துரை முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். காலையில் சுவைத்ததில் எது நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எல்லாம் நன்றாக இருந்தன, சேர். ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை!"

துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குடித்தீரா?"

"இருபத்தெட்டும், சேர்!"

அடுத்த அறையிலிருந்த இரண்டு துரைமாரைக் கூப்பிட்டு, என்னை அதைத் திரும்பச் சொல்ல வைத்தார். மூவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இந்த வேலை உமக்கு ஏன் வேண்டும்?" என்று அன்பாகவே கேட்டார்.

அப்பா, மாமா, ரப்பர் தோட்டம் எல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றன. வாயைத் திறந்தேன். "சேர், கக்கூஸ் எங்கே?" என்றுதான் வந்தது.

நான் திரும்பி வந்தபோது துரை பளீலின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளவத்தை ரயிலில் கடற்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அன்றிரவு அப்பாவுக்கு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. பெட்டியையும் கட்டி வைத்தேன்.

மூன்று கிழமையில் தந்தி வந்தது: 'வர வேண்டாம். இன்னும் ஒரு வருடம் படி. துப்பப் பழகு.'

அப்பா பகிடி விட்டதை என் ஆயுளில் கண்டதில்லை. தந்தி எழுத்தர் பிழை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அடுத்த வருடம் கொழும்பில் வேறொரு வேலை கிடைத்து, லீவில் ஊருக்குப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. என் கடிதத்தை அவர் ஸ்டேஷன் முழுவதற்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்! ரயிலை விட்டு நான் இறங்கியதும் ஒரு போர்ட்டர் கோப்பையில் தேத்தண்ணியை நீட்டினார். இன்னொருவர் பக்கத்தில் ஒரு வாளியை வைத்தார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று, ஒன்றும் அறியாதவர் மாதிரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் தேத்தண்ணி கேட்டால், முதலில் வாளிதான் வருகிறது.