கச்சானை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள்

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கச்சி ஹில்டாவுக்கு,

அண்ணன் ஹென்றி எழுதுவது. மும்பையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதலாம்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத மனம் வரவில்லை.

உன் மதினி போய் ஆறு வருஷமாகிறது, ஒற்றையில் கிடந்து சாகாதே என்று என் போனில் ஒரு கலியாண ஆப்பை ஏற்றிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் தாளில் எழுதுகிறேன்.

அதில் டயானா என்று ஒருத்தி கிடைத்தாள். யாழ்ப்பாணம், நம்ம வேதம்தான், ரிட்டயர்டு டீச்சர், புருஷன் இல்லை. எட்டு மாதம் தினமும் பேசினோம், "சாப்பிட்டீங்களோ?" என்று அவள் கேட்பாள் என்பதற்காகவே நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன் ஹில்டா, ஹார்பரில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவனை யார் அப்படிக் கேட்டார்கள்? திருச்சியில் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன், நேரில் பார்ப்போம் என்றாள். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது இங்கே ஆடிக் காற்று கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்தது, பெரியண்ணன் நினைவு வந்துவிட்டது, "எங்கள் அண்ணனைக் கச்சான்தான் கொண்டுபோனது" என்று அவளுக்கு எழுதினேன். வள்ளம் கவிழ்ந்ததையும் உடம்பு கிடைக்காததையும் எழுதக் கை வரவில்லை. அதற்கு அவள் பதில், "கடவுளே! பல்லில்லாதவரோ?" தென்மேற்குக் காற்றுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? போன்தான் தப்பாக அடித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தலைக்கு டை அடித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டோடு பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை வருமுன்னே கண்டக்டர் வந்து, "அண்ணாச்சி, ஒண்ணு கருவாடு மேல போவணும், இல்லன்னா நீங்க மேல போவணும்" என்றான். கருவாடு மேலே போனது, மதுரையில் யாரோ அதையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள், வெயிலில் டை கரைந்து, திருச்சியில் காலர் கறுப்பும் தலை வெள்ளையுமாக இறங்கினேன். டயானா சிரிக்கவில்லை. டீக்கடையில் உட்காரவைத்து, தன் கைக்குட்டையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டாள். அப்புறம் மெதுவாக, "பயப்பிடாதேங்கோ. எனக்குக் கச்சான் எண்டால் உயிர், ஆனா உங்களுக்காக வீட்டிலயே வைச்சிட்டு வந்திட்டன்" என்றாள்.

காற்றை வீட்டில் வைத்துவிட்டு வந்தாளாம்! நம்ம அண்ணனைக் கொன்றது அவளுக்கு உயிராம்! "எங்க அண்ணன் செத்தது ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா?" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு, அவள் நம்பரை ப்ளாக் செய்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். முன் சீட்டில் ஓர் இலங்கைக் குடும்பம். அந்த அம்மாள் ஜன்னல் வழியே வறுத்த கடலை வாங்கினாள். பஸ் நகர்ந்ததும் பின்னால் திரும்பிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "ஐயா, கச்சான் சாப்பிடுறீங்களோ?" என்றாள்.

அங்கே கச்சான் என்றால் கடலையாம், ஹில்டா. அண்ணன் பல்லில்லாமல் கடலை தின்று, தொண்டையில் சிக்கிச் செத்தான் என்று நம்பி, என் மனசு நோகக்கூடாதென்று தனக்குப் பிடித்ததை வீட்டில் வைத்துவிட்டு வந்தவளை நான் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். ப்ளாக்கை எடுக்க எனக்குத் தெரியாது, பிறரிடம் கேட்க வெட்கம். மூன்று நாளாக நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை, சாப்பிடவுமில்லை. இனி எந்த ஊருக்கும் போகமாட்டேன். ஆப்பை அழித்துவிட்டேன். கலியாணப் பேச்சை நீயும் எடுக்காதே.

பனிமய மாதா உங்கள் எல்லோரையும் காப்பாள். என்னைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணன் ஹென்றி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிலோமி தயிருக்கு உறை கேட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டு, "இதுக்கா மாமா மூணு நாளா பட்டினி கெடக்கிய?" என்று ப்ளாக்கை எடுத்து, டயானாவுக்குப் போனும் போட்டு என் கையில் திணித்துவிட்டாள். டயானா திட்டவில்லை. "உங்கட அண்ணாவின்ட பேர் என்ன? ஞாயிறு பூசையில வாசிக்கக் குடுக்கோணும்" என்றாள். "ஜெனிஸ்" என்றேன். இருபத்தெட்டு வருஷமாக நீயும் நானும்கூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. கச்சான் என்றால் இங்கே காற்று என்று சொல்லுமுன்னே அழுகை வந்து போனை வைத்துவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸுக்குத் திருச்சி போகிறேன். போய்த்தான் ஆகவேண்டும், கடலை தின்று செத்தவர் என்று சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறாளாம்.