இரண்டு வெள்ளைக் குழாய்கள்

அரைகுறையாகத் தெரிந்தவர்களை விட, எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களால்தான் வீட்டுக்கு ஆபத்து. தைரியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆபத்து நான்தான். மெக்கானிக்கல் இன்ஜினியர் வேறு.

1996. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். குளிர் நுழையும் ஓட்டைகளையெல்லாம் அடைக்கச் சொல்லி, டேப் வாங்கிய கடையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்திருந்தார்கள்.

"யாரையாவது வெச்சுப் பண்ணிக்கலாமே" என்றார் என் கணவர் ரகு.

"ஓட்டைய அடைக்க ஆளா? நான் எதுக்குப் படிச்சேன்?"

சனிக்கிழமை காலை ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஒட்டினேன். கதவிடுக்குகளில் டேப். பிறகு வெளியே சுற்றி வந்தால், பக்கத்துச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் கை வைத்தேன். வெளிக்குளிரை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது! மற்றதில் வைத்தேன். வீட்டுச் சூட்டை வெளியே ஊதிக்கொண்டிருந்தது! (வீட்டைக் கட்டியவனை வாய்விட்டே திட்டினேன்.) சலவை அறையில் கிடந்த வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்து, குழாய்க்கு ஒன்றாகத் திணித்து, துடைப்பக்கட்டையால் நன்றாக இடித்தும் விட்டேன்.

மதியத்துக்குள் வீடு ஐஸ்பெட்டியாகிவிட்டது. நானோ, இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று டேப்போடு அலைந்துகொண்டிருந்தேன். மாமனார் குரங்குக் குல்லாவோடு கம்பளிக்குள் போய்விட்டார். ஐந்து வயது மகள் திவ்யா, "அம்மா, ஐ கேன் ஸீ மை ப்ரெத்!" என்று ஹாலில் நின்று வாயால் புகைவிட்டுக் காட்டினாள். அப்புறம்தான் ரகு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

வந்தவர் பேஸ்மென்ட்டில் இறங்கி, வீட்டையே சூடாக்கும் ஃபர்னஸைப் பார்த்தார். நேரே வெளியே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். குழாய்க்குள் கை விட்டு இழுத்தார். துணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பச்சைக் கரை தெரிந்தது.

"அட, இது என்ற வேட்டியாச்சே!" என்றார் மாமனார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஒரு குழாய் ஃபர்னஸ் மூச்சிழுக்க, மற்றது எரிந்த வாயுவை வெளியேற்ற என்றார். இது புது ஃபர்னஸ், அடைப்பு தெரிந்ததும் தானாக நின்றுவிட்டது. பழசாக இருந்திருந்தால் அந்த விஷவாயு வீட்டுக்குள் திரும்பியிருக்கும், வாசனைகூட வராது, தூங்கினால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார்.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். திவ்யாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 'ஐயோ, நானா? நானேவா?' என்பதைத் தவிர மூளையில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. ரகுவோ மெக்கானிக்கிடமிருந்து வேட்டித் துண்டை வாங்கி மடித்துக்கொண்டிருந்தார்.

மாமனார்தான் பக்கத்தில் வந்து, "உடு கண்ணு. ஒண்ணும் ஆகலயில்ல? எந்திரி, குளுருது" என்றார்.

அன்றைக்கே அறைக்கு ஒரு விஷவாயு அலாரம் மாட்டினோம். டேப்பை இன்றுவரை ரகு என் கையில் கொடுப்பதில்லை. மாமனார் பெருந்தன்மையாக அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அடுத்த கோடையில் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் யாரென்றே தெரியாத ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்:

"அமெரிக்காவுல ஃபர்னஸுக்கே கோவணம் கட்டி உட்ட புள்ள இதுதானுங்க. எங்க மருமவ. இன்ஜினியரு!"