கரி டாக்டர் கேட்ட கையெழுத்து

பாலக்கோட்டில் கரி டாக்டரிடம் கையைக் கொடுத்து, அதை உடனே திரும்பப் பெற்ற மனிதர் ஒருவரும் கிடையாது. தாசில்தார் மரியாதைக்குக் கையை நீட்டினாலும் சரி, தபால்காரர் கடிதத்தை நீட்டினாலும் சரி, டாக்டர் பிடிப்பது மணிக்கட்டைத்தான். பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். நீட்டியவர் மற்றொரு கையால் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

நான் அப்போது அந்த ஊர் போர்டு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கட்டடம் ஆஸ்பத்திரி. டாக்டருடைய நிஜப் பெயர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பலகையிலும் கரி படிந்து போனதால் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கரிக்குக் காரணம் அவருடைய நாடி மிஷின். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. மணிக்கட்டில் வாரால் கட்டி, நாடியின்மேல் ஒரு சிறு பொத்தான் அழுத்தும்படி வைத்துச் சாவி கொடுத்தால், விரல் நீளக் காகிதம் ஒன்று மெல்ல நகரும். நாடி துடிக்கத் துடிக்க ஓர் ஊசி அதன்மேல் கோடு கிழிக்கும். மையெல்லாம் கிடையாது. காகிதத்தை முன்கூட்டியே கற்பூரப் புகையில் காட்டிக் கரியேற்றி வைக்கவேண்டும். ஊசி கரியைச் சுரண்டினால் வெள்ளையாகக் கோடு தெரியும்.

இதனால் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் மருந்தோடு கொஞ்சம் கரியும் வாங்கிப் போனார்கள். கம்பவுண்டர் வெள்ளைச் சட்டை போடுவதை நிறுத்திவிட்டார். டாக்டருடைய மூக்கு நுனியில் எந்நேரமும் ஒரு கரும்பொட்டு இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்தார்கள். அந்த முகத்துக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் அவரிடம் மாட்டியது வயிற்றுவலியால். வயிற்றைக் காட்டினேன், மணிக்கட்டைப் பிடித்தார். என் நாடி ஒழுங்காக இருந்ததில் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேச்சுவாக்கில் நான் டிராயிங் மாஸ்டர் என்று தெரிந்ததும் பிடித்த கையை விடவே இல்லை. கரிக்கோடுகள் கை பட்டால் அழிந்துவிடும். அவற்றைப் பார்த்து அப்படியே மையில் வரைந்து தர ஓர் ஆள் வேண்டுமாம். அன்று முதல் என் மாலைப்பொழுது அவருடையதாயிற்று. வயிற்றுவலிக்கு அவர் மருந்து கொடுக்கவே இல்லை. வலியும் பார்த்துப் பார்த்துச் சலித்துத் தானே போய்விட்டது போலிருக்கிறது.

அவருக்கு ஆள் முகம் நினைவிருக்காது, பெயரும் நினைவிருக்காது. நாடி மட்டும் மறக்காது. சந்தையில் ஒரு பெரிய மனிதர் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார். டாக்டர் பின்னாலிருந்து, “மூணு தட்டி ஒண்ணு வுடறவரே, சௌக்கியங்களா?” என்று கேட்பார். சந்தையே திரும்பிப் பார்க்கும். அந்த மாட்டுக்கும் நாடி பார்க்கப் போய், மாட்டுக்கு மணிக்கட்டு எது என்று தரகர்களுக்குள் சண்டை மூண்டு, மாடு தானாகவே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்து நாடியைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, மாப்பிள்ளையின் கையில் மிஷினைக் கட்டிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு கைதான் மிஞ்சியது, ஒரு கையால் முடிச்சு விழவில்லை. முகூர்த்தம் தப்பிவிடும்போல இருந்தது. பெண்ணின் தாய்மாமன் மிஷினைக் கழற்றி டாக்டரின் மடியில் போட்டு, டாக்டரை அப்படியே தூக்கிப் பந்தலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். “நல்லா வந்துக்கிட்டிருந்த கோடு மாஸ்டரே” என்றுதான் டாக்டர் வருத்தப்பட்டார். தன்னைத் தூக்கியது அவருக்கு நினைவில் தங்கவில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. நெஞ்சுக்கு இரண்டு விதமாக நோய் வரும் என்பார். ஒன்று, தாளம் தவறுவது. மற்றொன்று, நெஞ்சின் தசையே தளர்ந்து பை போலப் பெருத்துவிடுவது. பிள்ளை பெற்ற சில பெண்கள் மூன்று நான்கு மாதத்தில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஊரில் அதைப் பச்சை உடம்புக் கோளாறு என்றும் காற்றுக் கருப்பு என்றும் சொன்னார்கள். அது நெஞ்சுத் தசையின் நோய் என்பது டாக்டரின் கட்சி. சென்னையிலிருக்கும் பெரிய டாக்டர்கள் ரயிலேறி வருகிற நோயாளிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், ரயிலேற முடியாதவர்களைப் பற்றி நான் எழுதப்போகிறேன் என்பார். அதை மட்டும் கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்வார்.

அவருக்கு எமனாக வந்தது ஒரு சொல். நாடிக் கோட்டுக்கு அவர் வைத்த பெயர் கையெழுத்து. கை தானே எழுதுகிற எழுத்து என்பதால் கையெழுத்தாம். இந்தச் சிலேடையில் அவருக்குப் பரம சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம், “ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்பார். சாதாரண நாளில் சிரித்துவிட்டுப் போட்டார்கள். பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். ஓசூருக்குப் போகும் சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கறுப்புக் காகிதத்தில் கையெழுத்து வாங்கி ஆளைக் கப்பலேற்றுகிறார்கள் என்று ஒருத்தர் கிளப்பிவிட்டார். ஒரே வாரத்தில் வட்டாரத்தில் ஒருவருக்கும் வியாதி இல்லாமல் போயிற்று.

அப்படி ஆஸ்பத்திரி காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து மாதையன் என்கிற விவசாயி தன் மனைவி முனியம்மாவை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். கைக்குழந்தைக்காரி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் வண்டியின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே வந்திருந்தாள். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கூரையைப் பார்க்கவில்லை.

“ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஓர் அடி பலமாகவும் அடுத்த அடி சோனியாகவும் விழுகிற நாடி. நெஞ்சுத் தசை ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். சொட்டு மருந்து ஒன்று இருந்தது. ஆனால் அது கூடினால் விஷம், குறைந்தால் பயனில்லை. தினமும் கோடு எடுத்து, சிறிய அடி வளர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் சொட்டைக் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் அவள் அந்த வாரம் தாண்டுவதே சந்தேகம் என்றார்.

இவ்வளவையும் மாதையனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழக்க தோஷம்.

“உங்க சம்சாரத்தோட கையெழுத்து வேணுங்க. தெனமும் வேணும்.”

மாதையன் முகம் மாறிவிட்டது. “காணி எம்பேர்ல இருக்குதுங்க. அவகிட்ட எதுக்குங்க கையெழுத்து?”

“காணி யாருக்குங்க வேணும்? எனக்கு ஆளுதான் வேணும்.”

அதோடு முடிந்தது. தண்டவாளத்தையே விடாதவர்கள் பெண்பிள்ளையை விடுவார்களா என்று சொல்லிக்கொண்டே மாதையன் மாட்டைப் பூட்டப் போய்விட்டார். டாக்டர் பின்னாலேயே ஓடிச் சிலேடையை விளக்க, விளக்கத்தில் விவகாரம் இன்னும் சிக்கலாகிப் போயிற்று. கம்பவுண்டர் வண்டிக்கு முன்னால் நின்று மறித்தார். அதைப் பார்த்த மாதையனுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

கடைசியில் பேசியது முனியம்மாதான். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள்.

“அவரு... போடட்டும்... மொதல்ல.”

மாதையன் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் போட்டால்தானே பத்திரம், டாக்டர் போடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். நியாயந்தான் என்று எனக்கும் பட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஊர் முழுக்க நாடி பிடித்த மனுஷர் தன் நாடிக்கு ஒருநாளும் மிஷினைக் கட்டியதில்லை. இரண்டு கை வேண்டுமே என்று சாக்குச் சொன்னார். எனக்கு இரண்டு கை இருக்கிறது என்று சொல்லி நான் கட்டினேன்.

காகிதம் நகர்ந்து முடிந்தது. எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். முனியம்மா அதைப் பார்த்தாள், நான் வரைந்து சுவரில் மாட்டியிருந்த நல்ல நாடிக் கோடுகளைப் பார்த்தாள்.

“உங்களுது... கோணலா இருக்குதுங்களே.”

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று நெருக்கம், ஒன்று தூரம். ஒரு கணக்கிலும் சேராத தாளம். நான் மிஷினைத் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று டாக்டர் சத்தம் போட்டார். மறுபடி கட்டினேன். மறுபடியும் அதே அலங்கோலம். டாக்டர் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“இந்த மாதிரி ஒரு கேஸுக்கு எங்கெங்க அலைஞ்சேன் மாஸ்டரே. வூட்டுலயே இருந்திருக்குது.”

முனியம்மா கையை நீட்டினாள். மாதையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அவருக்கும் நம்ம நோவுதாங்க” என்று அவள் அடக்கிவிட்டாள். ஆளைப் பிடித்துக்கொடுக்கிறவனுக்கு இப்படி நோவு இருக்காது என்று மாதையனுக்கும் பட்டிருக்கவேண்டும், மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

அவள் அங்கேயே தங்கினாள். சொட்டு மருந்து அவளுக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு. டாக்டர் தன் பங்கைக் குடித்ததைக் கண்ணால் பார்க்காமல் அவள் தன் பங்கைத் தொடமாட்டாள். அவர் பாதி நாள் மறந்துவிடுவார், அவள் ஆள்விட்டுக் கூப்பிடுவாள். நான் தினமும் அவளுடைய கோட்டை வரைந்தேன். சிறிய அடி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, பெரிய அடிக்குச் சரியாக வந்து நின்றது. அவள் காலில் வீக்கம் வடிந்து, தன் காலாலேயே நடந்து வண்டி ஏறினாள். இன்னொரு பிள்ளை கூடாது என்று டாக்டர் மாதையனிடம் எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார். மாதையன் மாட்டைக் கிளப்பிய வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிச் சென்னைக்கு ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு அனுப்பினார். தன்னையும் ஒரு கேஸாகச் சேர்த்து, ‘சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி’ என்று குறித்திருந்தார். கரிக்கோட்டை ஒப்புக்கொள்ள முடியாது, நெஞ்சின் மின்சாரத்தை வரைகிற பெரிய மிஷினில் எடுத்தால்தான் நம்புவோம் என்று பதில் வந்தது. முனியம்மா குணமாகிவிட்டாள். மீதி இருந்த கேஸ் ஒன்றுதான். அதைத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி டாக்டர் மூட்டை கட்டினார்.

அவர் திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனசு வராது. பெரிய மிஷினிலும் கோணலாகத்தான் வந்ததாம். அங்கேயே படுத்து, அங்கேயே போய்விட்டார்.

அவர் கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடத்தில் நல்ல கூட்டம். மாலை ஒன்றுகூட இல்லை, எல்லாரும் கையைத்தான் நீட்டினார்கள். முனியம்மா குழந்தையோடு வந்து, தன் கண்ணெதிரில் மருந்தைக் குடிக்க வைத்துத்தான் பஸ்ஸில் ஏறவிட்டாள். நான் கடைசியில் போய் ஜன்னலில் கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன மாஸ்டரே, இந்த ஓட்டம் ஓடுது?”

பஸ் போய்விடப் போகிறதே என்று ஓடி வந்தேன் என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து நிதானமாக நடந்து வந்தவன் நான். அவர் கையை விடவில்லை. பஸ் நகர்ந்தது, கொஞ்ச தூரம் நானும் கூடவே நடந்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?