யான்சி வாசலில் பச்சை ப்யூக்

லூஷியஸ் மேப்ரி காரை நிறுத்த இடம் தேடி அந்தத் தெருவை மறுபடியும் ஒரு சுற்று சுற்றினார். இடம் இல்லாமல் இல்லை. டாக்டர் ரோவினாவின் வாசலில் ஒரு கல்யாண ஊர்வலத்தையே நிறுத்தலாம், அவ்வளவு காலி. அங்கே நிறுத்தத்தான் அவருக்குத் துணிச்சல் இல்லை.

காரணம், அந்தக் கார். இளம்பச்சை நிறத்தில் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு வரும் பழைய ப்யூக். அண்ணன் ஏமஸ் போன வருடம் இறந்தபோது அவருக்கு வந்து சேர்ந்தது. மெம்பிஸ் நகரத்தின் தெற்குப் பக்கத்தில் லூஷியஸைத் தெரியாதவர்கள் உண்டு. அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது.

இன்னொரு காரணம், அவருடைய வாய். அவர் கில்கால் பாப்டிஸ்ட் சபையின் மூப்பர். டாக்டர் ரோவினா அந்தப் பேட்டையில் மனநல ஆலோசனை நிலையம் திறந்த வாரமே ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கிவிட்டார்: "நமக்கு ஜெபம் இருக்கு! மண்டி போட முழங்கால் இருக்கு! காசு கொடுத்து யார்கிட்டயோ போய் அழணும்னு நமக்கென்ன தலையெழுத்தா?"

சபையே "ஆமென்!" என்று கூரை அதிரச் சொன்னது. பாஸ்டர் கேல்வின் பீப்பிள்ஸ் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார்.

அப்படி முழங்கியவருக்கு அண்ணன் போனதிலிருந்து தூக்கமே இல்லை. யாருக்கும் தெரியாமல் முதலில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர்ப் பையன் கனிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். "கலங்காதேன்னு ஆண்டவர் என்கிட்ட சொன்னார்" என்று இவர் சொன்னதும் பேனாவைத் திறந்துவிட்டான்.

"அந்தக் குரல் அடிக்கடி கேக்குதா? ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

லூஷியஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடிவந்தார்.

கடைசியில் டாக்டர் ரோவினாவிடமே போய் நின்றார். அவர் பிரசங்கியார் வீட்டுப் பெண். ஆண்டவர் பேசியதைச் சொன்னபோது அவர் பேனாவைத் தொடவில்லை. "சரி, ஆண்டவர் சொன்னார். நீங்க திருப்பி என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கோவமாப் பேசிட்டேன் டாக்டர்."

"பேசுங்க. அவர் தாங்குவார்."

அன்று லூஷியஸ் குழந்தை மாதிரி தூங்கினார். வெளியே தெரிந்தால் மூப்பருடைய மானம் போகும், போவதை நிறுத்தினால் தூக்கம் போகும். ஆகவே தெரியாமல் போவது என்று முடிவெடுத்தார். டாக்டருக்கும் ஊரைத் தெரியும். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போகும்படி வைத்திருந்தார், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். காருக்கு மட்டும் பின்வாசல் இல்லை.

முதல் வாரம் பக்கத்து வக்கீல் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். அந்த வக்கீல் விவாகரத்துக்குப் பேர்போனவர் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எதிர்ப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருந்த, அதே சபையின் சிஸ்டர் ஒடெஸாவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனால் அவருடைய சட்டைகளெல்லாம் குப்பைப் பையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் மனைவி எர்னஸ்டின்.

"வாங்க மூப்பரே. எங்க போயிட்டு வர்றீங்க?"

"சும்மா, கடைக்கு..."

"வக்கீல் கடைக்கா? இத்தனை வருஷம் உனக்குக் கோழி பொரிச்சுப் போட்டதுக்கு விவாகரத்து ஒண்ணுதான் பாக்கியா லூஷியஸ்?"

லூஷியஸுக்கு வியர்த்தது. வாயில் வந்ததைச் சொன்னார். "ஐயோ, அதில்லடி! உயில் எழுதப் போனேன்!"

நல்ல பதில் என்றுதான் நினைத்தார். ஆனால் எர்னஸ்டினின் முகம் பொசுக்கென்று மாறியது.

"உயிலா? இப்ப எதுக்கு உயில்? டாக்டர்கிட்ட போனியா? உண்மையைச் சொல்லு."

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மூப்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ பெரிய வியாதி என்று முடிவுகட்ட அவளுக்கு அது போதாதா? எர்னஸ்டின் சட்டைகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு சட்டையாக இஸ்திரி போட்டபடி அழுதாள்.

அடுத்த வாரம் வக்கீல் வாசலே வேண்டாம் என்று எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே பிரதர் பெர்சிவல் யான்சியின் சவ அடக்க நிலையம். சபையில் யார் போனாலும் யான்சிதான் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, கண்ணியமாக அனுப்பி வைப்பார். அவர் வாசலில் ஒரு கார் நின்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள். அன்றைக்கு அங்கே ஒரே கார்க் கூட்டம். பின்வரிசையில் ஒரு சந்து கிடைக்க, ப்யூக்கை நுழைத்துவிட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

"பிரதர் மேப்ரி!"

கறுப்புக் கோட்டோடு யான்சி படியில் நின்றிருந்தார்.

"கூட்டமா இருக்கே பிரதர், யாரு தவறிட்டாங்க?" என்று லூஷியஸ் சமாளித்தார்.

"அதான் எனக்கும் புரியல. கொஞ்ச நாளா வாசல் நிறைய காரு. உள்ள போய்ப் பாத்தா நானும் ஏசியும்தான் இருக்கோம். சவப்பெட்டி பாக்க வந்துட்டு வெக்கப்பட்டுத் திரும்பிடுறாங்களோ என்னவோ. நீங்களாவது வாங்க. தேன் நிறத்துல ஒண்ணு வந்திருக்கு, உங்க உயரத்துக்கு அளவா இருக்கும்."

தப்பித்தால் போதுமென்று லூஷியஸ் சொன்னார்: "அப்புறமா வந்து பாக்கறேன் பிரதர். எடுத்து வையுங்க."

எடுத்து வையுங்க என்றால் யான்சி எடுத்து வைக்காமல் இருப்பாரா? மரியாதையாக எர்னஸ்டினுக்கு போன் போட்டு, உள்ளே வைக்கும் மெத்தைக்கு என்ன நிறம் வேண்டும் என்றும் கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே சபையார் வீடுகளிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி, பொரித்த கோழி, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட அப்பம், பீச் பழக் காப்ளர் இனிப்பு. சாகப்போகிற மனுஷன் சோர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த லூஷியஸுக்கோ அகோரப் பசி.

"பாவம், கடைசியா ருசி பாக்குறார்" என்று சிஸ்டர் ஒடெஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு வைத்தாள்.

பாடகர் குழுத் தலைவி வந்து, அவருக்குப் பிடித்த பாட்டு எது, அதை மெதுவாகப் பாடலாமா, கை தட்டிப் பாடலாமா என்று பட்டும் படாமலும் விசாரித்தாள். மச்சினன் ரூஃபஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இந்த ப்யூக்குக்கு இன்னொரு சாவி இருக்கா?"

"எதுக்குடா?"

"சும்மா... ஏமஸ் அண்ணன் ஞாபகமா கேட்டேன்."

லூஷியஸுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் சமையலறைக்குள் போனால் எர்னஸ்டின் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மடியில் போட்டுப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்த பொத்தானையே திரும்பத் திரும்பத் தைத்தாள்.

"உனக்கு முன்னாடி நான் போயிருக்கணும்" என்றாள், தலை தூக்காமல்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மானமாவது மண்ணாவது, ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். முழங்கினது எங்கேயோ அங்கேதானே விழுங்கவும் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. மூப்பருக்காக விசேஷ ஜெபம். வெக்கை தாங்காமல் எல்லோர் கையிலும் அட்டை விசிறி, ஒவ்வொன்றிலும் யான்சியின் விளம்பரம். பாஸ்டர் பீப்பிள்ஸ் நெற்றியில் பூசி ஜெபிக்கும் எண்ணெய்க் குப்பியோடு இறங்கி வந்தார்.

"நம்ம மூப்பர் பெரிய பயணத்துக்குத் தயாராகிறார்..."

"இருங்க பாஸ்டர்!" லூஷியஸ் எழுந்தார். "நான் எங்கயும் போகல. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. உயிலும் இல்ல, பெட்டியும் வேண்டாம். எங்க அண்ணன் போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. நான் டாக்டர் ரோவினாகிட்ட கவுன்சலிங் போறேன். வியாழக்கிழமை தவறாம போறேன். ஆமா, இந்த வாயாலதான் அன்னிக்கு அப்படிப் பேசினேன். அங்க உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுறேன். நல்லா இருக்கு. தூக்கம் வருது."

எர்னஸ்டின் எழுந்தாள். "அப்ப நீ சாகலையா?"

"இல்லடி."

கையிலிருந்த விசிறியால் அவர் தோளில் ஒரு போடு போட்டாள். உடனே அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் அடித்தாள்.

ஆனால் சபையில் சத்தமே இல்லை. ஓர் ஆமென் இல்லை, ஒரு ஸ்தோத்திரம் இல்லை. எல்லோரும் விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வேகவேகமாக வீசினார்கள். சிஸ்டர் ஒடெஸா கைப்பைக்குள் எதையோ தேடினாள். பாடகர் குழுத் தலைவி கூரையைப் பார்த்தாள். ரூஃபஸ் செருப்பைப் பார்த்தான். முகத்தில் முழிக்கக்கூட வெட்கப்படுகிறார்கள், நம் மூப்பர் பதவி இத்தோடு போயிற்று என்று லூஷியஸ் நினைத்துக்கொண்டார். பாஸ்டர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அப்போது கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டு ஒன்று மெதுவாக எழுந்தது. யான்சி சபையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், வியாழக்கிழமை ப்யூக்குக்கு விடை கிடைச்சிடுச்சு; என் வாசல்ல நிக்கிற மத்த காரெல்லாம் யாருதுன்னு நானே சொல்லட்டுமா, இல்ல உங்க வெள்ளை வண்டியில இருந்து நீங்களே ஆரம்பிக்கிறீங்களா பாஸ்டர்?"