பிரேக் இல்லாத ராட்டினம்

சும்மா இருக்கத் தெரியாதவன் சமூக சேவைக்குப் போகக் கூடாது. சேவை செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். எதிரில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். எனக்கு இரண்டும் கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடாவிட்டால் கை எதையாவது கழற்றும். சின்ன வயதில் வீட்டு ரேடியோவை நான் கழற்றிப் பார்த்த அன்று அப்பா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. (எழுதினால் அச்சுக் கோர்ப்பவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார்.)

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் ஓரத்தில் ஒரு பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். டர்பைன் டிசைன் பிரிவு. வார நாள்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் எமன். பேச்சிலர் ஹாஸ்டலில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். நான் மட்டும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். அதனால் டவுன்ஷிப்பில் 'ஞாயிறு சேவைக் குழு' என்று ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டேன்.

குழுத் தலைவர் பாஸ்கர் ராவ். எங்கள் பிரிவிலேயே சீனியர் இன்ஜினியர், தெலுங்குக்காரர், என்னைவிட மோசமான கேஸ். பேசும்போதே எதிரில் இருப்பவரின் பேனாவை வாங்கிப் பிரித்துவிடுவார். இப்படி இரண்டு பேர் ஒரே குழுவில் சேர்ந்தால் அந்த வட்டாரத்தில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. பக்கத்துக் கிராமத்துக் கிணற்றைத் தூர் வாரிக் கொடுத்தோம். தண்ணீர் தெளிகிற வரை ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் குளிக்கவில்லை.

அடுத்ததாக அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். என்ன உதவி வேண்டும் என்று ராவ் பெருந்தன்மையாகக் கேட்டார். தலைமையாசிரியர் சாது. இரண்டு கரும்பலகை கிடைத்தால் போதும் என்றார். ராவ் என்னைப் பார்த்தார். நான் ராவைப் பார்த்தேன். கரும்பலகையில் அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் இருவர் முகமும் தொங்கிப் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, படிப்பைவிட விளையாட்டு முக்கியம் என்று நாங்களாகவே ஒரு கொள்கை முடிவுக்கு வந்தோம். குழந்தைகளுக்கு ஒரு ராட்டினம் செய்து கொடுப்பது என்று தீர்மானமாயிற்று.

ராட்டினம் என்றால் மற்றவர்கள் செய்வது மாதிரியா செய்வோம்? முறைப்படி அனுமதி வாங்கி, கழித்துப் போட்ட கனமான இரும்புத் தட்டு ஒன்றையும் நல்ல பேரிங் ஒன்றையும் எடுத்துவந்தோம். தட்டின் மேல் வட்டமாக இருக்கைகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத உயரத்துக்குச் சிமெண்ட் மேடை, அதன் நடுவே தட்டைத் தாங்கும் தூண். உராய்வுதான் எங்களுக்குப் பிறவிப் பகை. வாரம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா விடுவோமா? கடைசல் பிடித்து, பாலிஷ் போட்டு, பேலன்ஸ் பார்த்து, கிரீஸ் அப்பி, காற்றுப் பட்டாலே சுற்றுகிற மாதிரி ஆக்கிவிட்டோம். சோதனைக்காக விரலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. ராவும் நானும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம்.

பிரேக் என்கிற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவே இல்லை. ஓட வைப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. நிறுத்துவதற்கு வேறு பிரிவு இருந்தது. அவர்களை நாங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஹைதராபாத்தின் இன்னொரு ஓரத்தில், லோத்குண்டாவில் குடியிருந்த குடும்பம். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம், திருநெல்வேலிக்காரர், பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. பெண் பெயர் வசந்தா. ஊரிலிருந்து அப்பா போட்டோ அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து என் கால் இரட்டை வேகத்தில் ஆட ஆரம்பித்தது. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் சங்கரலிங்கம். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் அப்புறம், முதலில் பையனை அவன் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று இரவே எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. அவரையே ராட்டினத் திறப்பு விழாவுக்குத் தலைமை விருந்தினராகக் கூப்பிட்டால் என்ன? மாலை மரியாதை, கைதட்டல், பக்கத்தில் பவ்யமாக நான். மனுஷன் உருகிவிட மாட்டாரா? ராவிடம் பாதுகாப்புத் துறையில் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். (பொய் இல்லையே. ஆள் ஆறடி.)

விழா நாள் வந்தது. சங்கரலிங்கம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அடக்க ஒடுக்கமான பையன் என்று தெரியட்டுமே என்று நான் புது வேட்டி கட்டியிருந்தேன். வேட்டி கட்டிப் பழக்கம் கிடையாது. காலையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடமாடினேன்.

ராவும் தலைமையாசிரியரும் சங்கரலிங்கத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது வசந்தா ராட்டினத்தைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இதுக்கு பிரேக் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல இயந்திரத்துக்கு பிரேக் தேவையில்லை, உராய்வு என்பதே ஒரு நஷ்டம் என்று ஆரம்பித்து ஒரு பிரசங்கமே செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஹௌ க்யா?" என்றாள். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த பெண். அப்படியா என்பதை அந்த ஊர் உருதுவில் கேட்டாள். அசந்துபோய்விட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். மடையன்.

சங்கரலிங்கம் ரிப்பனை வெட்டினார். அவரும் ராவும் தலைமையாசிரியரும் முதல் சுற்றுக்கு ஏறி உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும் திமுதிமுவென்று வந்து தள்ளினார்கள். நானும் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கம்பியையும் பிடித்துத் தள்ளினேன். ராட்டினம் சத்தமே இல்லாமல் வேகம் எடுத்தது. ராவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அதற்குப் பிறகு எனக்கும் சங்கரலிங்கத்துக்கும் நடந்த உரையாடல் முழுவதும் தவணை முறையில்தான் நடந்தது. அவர் என் பக்கம் வரும்போது ஒரு வாக்கியம் சொல்வார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடுவார்.

"நல்லா இருக்கு தம்பி."

அடுத்து வந்தபோது, "போதும் தம்பி."

அதற்கடுத்து வந்தபோது சிரிப்பைக் காணோம். மாலை பறந்து வாயை மூடியிருந்தது. அதை விலக்கிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதை நிப்பாட்டுதது எப்படி?"

தானாக நின்றுவிடும் சார் என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன். எப்போது என்று அவர் அடுத்த முறை வந்து கேட்டார். டீ குடிக்கப் போய் வந்த கதையை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? தலைமையாசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெங்கடேஸ்வரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராவ் மட்டும் நிதானமாக, "ஆகதண்டி, ஆகது" என்று தெலுங்கில் அறிவித்தார். நிற்காதாம். அதிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

சும்மா நின்றிருக்கலாம். பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள், எப்படியும் தானாகவே வேகம் தணிந்திருக்கும். ஆனால் சும்மா நிற்பது என் ஜாதகத்திலேயே இல்லையே. பாய்ந்து கம்பியைப் பிடித்தேன். ராட்டினம் நிற்கவில்லை, நான்தான் ஓடினேன். கையை விடவும் பயம், விடாமல் இருக்கவும் பயம். சங்கரலிங்கமும் நானும் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினோம். அவர் உட்கார்ந்தபடி, நான் ஓடியபடி. மாப்பிள்ளை பார்க்க வந்தவர் இவ்வளவு பக்கத்தில் எந்த மாப்பிள்ளையையும் பார்த்திருக்க மாட்டார்.

அப்போது இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. தட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் ஒன்றில் என் வேட்டி நுனி மாட்டிக்கொண்டது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் வேட்டி மொத்தமும் என்னை விட்டுக் கழன்று, நடுத்தூணில் இறுகச் சுற்றிக்கொண்டது. ராட்டினம் ஒரு முனகல் முனகிவிட்டு மெல்ல மெல்ல நின்றது.

மைதானத்தின் நடுவில் நான், கோடு போட்ட அண்டர்வேரில். ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வசந்தா பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும்.

சங்கரலிங்கம் தட்டுத்தடுமாறி இறங்கி, என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார். வேறு பிடிமானம் இல்லை. பிறகு தன் தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டி, "முதல்ல இதைக் கெட்டுங்க" என்றார். அடுத்து தலைமை உரை. மைக்கை நோக்கி நடந்தவர் கொடிக்கம்பத்தைப் போய்ச் சேர்ந்தார். அதைக் கட்டிப் பிடித்தபடியே எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

(பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஞாயிறே இரண்டு கரும்பலகை வாங்கிக் கொடுத்தோம். தலைமையாசிரியர் அவற்றுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.)

லோத்குண்டாவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஹாஸ்டல் வராந்தாவில் நான் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை சம்மதமோ என்று காலையில் தோன்றும். அண்டர்வேர் ஞாபகம் வந்து மத்தியானம் அடங்கிவிடும். கடைசியில் பொறுக்க முடியாமல், துண்டைத் துவைத்து இஸ்திரி போட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பஸ் ஏறிவிட்டேன்.

சங்கரலிங்கம் மரியாதையாகவே உட்கார வைத்தார். காபி வந்தது. ஊர் விஷயம், ஆபீஸ் விஷயம் எல்லாம் பேசினார். துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நல்ல பிள்ளைதான், படிச்ச பிள்ளைதான். ஆனா ஆரம்பிச்சதை நிப்பாட்டத் தெரியலையே. எங்க வீட்டுப் பிள்ளையை ஏத்தி உக்கார வச்சுட்டு, நாளைக்கு நான் எங்கே போய் நிக்கது?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்போது உள் அறை வாசலில் வசந்தாவின் குரல் கேட்டது. பேச்சு அவள் அப்பாவிடம்தான், பார்வையும் அவர் பக்கம்தான், வேண்டாம் என்பதற்கு மட்டும் அந்த ஊர் உருது.

"நக்கோன்னு சொல்லிராதீங்கப்பா. அவருக்குத்தான் பிரேக் இல்ல. எனக்கு இருக்கு."

சங்கரலிங்கம் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே திரும்பி, தம்பிக்கு இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து, வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையை வலம் வர எழுந்தேன். மாமனார் என் பக்கத்தில் வந்து, ஐயருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்: "மூணு சுத்துதான் தம்பி. மூணோட நின்னுரணும்." வசந்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் நெற்றிச்சுட்டி நழுவி விழுந்தது. கல்யாண ஆல்பத்தில் அந்த இடத்தில் அவள் அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வலம் வர எழுந்தாலும் கூட்டத்திலிருந்து "பிரேக் இருக்கா?" என்று ஒரு குரல் வராமல் இருக்காது. என் மகள் கல்யாணத்திலும் வந்தது. புது மாப்பிள்ளை பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார். வசந்தா அவர் பக்கம் குனிந்து சொன்னாள்:

"மூணோட நின்னுருங்க மாப்பிள்ளை. இவர் ஒருத்தரை நிறுத்தவே எனக்கு நேரம் பத்தல."