வெள்ளைப் பசையும் படவேட்டுப் புடவையும்

எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் டிப்ளமோ உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டபிறகு "பாவம், படிக்காதவன்" என்று யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கல்யாணமாகி ஆரணியில் மாமனார் வீட்டு மாடியிலேயே குடியேறியபோது, தெள்ளாரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழைய பைக். ஓடிவந்து நின்ற இடத்திலெல்லாம் இன்ஜின் ஆயில் சொட்டும். வேறு தெருவாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் தெரு முழுக்கப் பட்டு நெசவு. காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, தறியில் ஏற்றும் பாவு சரியா என்று பார்ப்பார்கள். தரையில் கிடக்கும் எண்ணெயை யாராவது மிதித்து, அது ஒரு பொட்டு பட்டில் ஏறினால் ஒரு புடவையே போச்சு. அதனால் சொட்டுகிற வண்டிக்குத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிதான் எல்லை. ஒன்றரை வருடமாக என் வண்டி அங்கேதான் நின்றது. (மாப்பிள்ளைக்குக் கூடத்தில் தலைவாழை இலை, அவன் வண்டிக்குத் தெருமுனை. வயிறு எரியுமா எரியாதா?)

இரண்டாவது ஆடி வந்தது. அத்தை, அதாவது என் மாமியார், படவேட்டு அம்மனுக்கு ஒரு பட்டுப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்ததற்கான நேர்த்திக்கடன் அது. மாமாவே தறியில் உட்கார்ந்து நெய்தார். ஆடி வெள்ளி மதியம் அலங்காரத்துக்குள் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். அத்தையும் என் மனைவியும் பொங்கல் சாமான்களோடு விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவார்கள். மாமா காலையில் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அந்த ஊருக்குப் பஸ் குறைவு.

"நம்ம வண்டியில போயிடலாம் மாமா" என்றேன்.

மாமா அதிர்ந்து பேசாத மனிதர். "சொட்டிகினு இருக்குதே மாப்ள. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மெக்கானிக் இருக்காரு. ஒரு வாட்டி காட்டிடுங்களேன்."

"மெக்கானிக் எதுக்கு மாமா? நான் படிச்சதே மெக்கானிக்கல். நானே பாத்துக்கறேன்."

ஹார்டுவேர் கடையில் ஓர் அக்கா இருந்தார். லீக்குக்கு சீலன்ட் வேண்டும் என்றேன்.

"எங்க லீக்குங்க? சூடாவுற எடமா? எண்ணெய் படுமா? காயறதுக்கு எவ்ளோ நேரம் வுடுவீங்க?"

கல்லூரி வாய்மொழித் தேர்வில்கூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. "வண்டிக்குங்க" என்றேன் விறைப்பாக. அவர் சுண்டுவிரல் அளவு சாம்பல் நிறப் பசைக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்திலேயே அதே விலையில் ஒரு வெள்ளைக் குழாய், நான்கு மடங்கு பெரிது. மேலே 'தண்ணீர் புகாது' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு குளியலறைப் படமும் இருந்தது. (படத்தைக் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவனித்தேன்.)

"அது பாத்ரூமுக்குங்க."

"தண்ணியே போவாதுன்னா எண்ணெய் எப்பிடிங்க போவும்?"

"எண்ணெய் பட்டு, சூடும் பட்டா இது நிக்காதுங்க. சொல்றத சொல்லிட்டேன்" என்றார் அக்கா. நான் விவரம் தெரிந்தவன் போலச் சிரித்துவிட்டு வெள்ளையை வாங்கிவந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்தேன். இன்ஜின் பக்க மூடியைக் கழற்றவில்லை. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக்கூட இல்லை. அதன் மேலேயே, பிறந்தநாள் கேக்குக்கு கிரீம் வைப்பதுபோல், குழாய் தீரும்வரை சுற்றிச் சுற்றிப் பிதுக்கினேன்.

என் மனைவி காலிக் குழாயைத் திருப்பிப் படித்தாள். "ஏங்க, ஒரு நாள் முழுக்கக் காயணும்னு போட்டிருக்குதே?"

"அது பாத்ரூமுக்கு. பாத்ரூம் ஈரம். இன்ஜின் சூட்டுக்குத் தானா காஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. (ராத்திரி முழுக்க ஓடாத வண்டி ஏன் ஒழுகப்போகிறது? அது தோன்றவில்லை.) அந்தத் தாளைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என் வண்டி வீட்டு வாசல்வரை வந்தது.

மாமா வெள்ளை வேட்டியில், துணியில் சுற்றிய புடவையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். போளூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டினார். தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகப் போனேன். அப்புறம் தட்டவில்லை.

வழியெல்லாம் படவேட்டுக்கு நடந்துபோகிற மஞ்சள் புடவைக் கூட்டம். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வழி வுடுங்கம்மா, சாமி போவுது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலையை ஆட்டி எல்லா மரியாதையையும் ஏற்றுக்கொண்டேன்.

சந்தவாசல் வரும்போது இன்ஜின் கடகடவென்று இரைந்து, அப்படியே இறுகி நின்றுபோனது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மாமா புடவையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பால்குடம் எடுத்தவர்போல் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்கக் கறுப்பு எண்ணெய். போளூர் சாலையில் அவர் தோளைத் தட்டியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"புடவ மேல படல மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

வண்டியை ஒரு மெக்கானிக் கடைக்குத் தள்ளிப்போனோம். அவர் வெள்ளைப் பசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். முழுசாக, ரிப்பன்போல உரிந்து வந்தது.

"எந்தப் புண்ணியவான் இத வச்சதுங்க? பாத்ரூம் பசைய இன்ஜின்ல வச்சிகினு இருக்கான். எண்ணெய சுத்தமாத் தொடச்சி, பழைய கேஸ்கெட்ட எடுத்துட்டு, சூடு தாங்கறத மெல்லிசா ஒரு கோடு வச்சி, ஒரு நாள் காய வுடணும். கேஸ்கெட் பேஸ்ட்டு என்னா, பல்லுல வக்கிற பேஸ்ட்டா, இஷ்டத்துக்குப் பிதுக்க?"

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "யாரோ தெரியாத ஆளுங்க" என்றார்.

"அநியாயங்க" என்றேன் நானும்.

ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு, அலங்காரத்துக்குத் திரை போடுகிற நேரத்தில் கோயிலைப் பிடித்தோம். அத்தை வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புடவையைப் பிரித்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். ஒரு பொட்டு கறை இல்லை. அதை அர்ச்சகரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சத்தமாகவே வேண்டிக்கொண்டார். "நல்ல மாப்பிள்ளய குடுத்துட்ட தாயே. கையோட கொஞ்சம் புத்தியும் குடு."

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த வண்டியை விற்றுவிட்டேன். ஆனாலும் வீட்டில் நான் "நானே பாத்துக்கறேன்" என்று சொன்னால் போதும், அத்தை, மனைவி, விஷயமே தெரியாத நாலு வயது மகள் உட்பட எல்லாரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார்கள்.

போன மாதம் குளியலறைச் சுவரோரம் தண்ணீர் கசிந்தது. எல்லாக் கைகளும் மேலே போனதைப் பார்த்துவிட்டு அதே கடைக்குப் போனேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் நானே ஒப்பித்தேன். "சூடாகாதுங்க. எண்ணெய் படாது. தண்ணி மட்டும்தான். ஒரு நாள் முழுக்கக் காய வுடறேன்."

அக்கா அதே வெள்ளைக் குழாயை எடுத்து வைத்தார்.

பழைய பிசுக்கையெல்லாம் சுரண்டி, துடைத்து, மெல்லிசாக ஒரு கோடு வைத்து, ஒரு நாள் யாரையும் உள்ளே விடாமல் காவல் இருந்தேன். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவில்லை. இருந்தும் மாமா குளிக்கப் போகும்போது மாற்று வேட்டியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்.