கம்பி இல்லாத கம்பெனியில் என் முதலீடு

இந்தச் சித்திரையில் நான் முதலீட்டாளர் ஆவதென்று முடிவெடுத்தேன். மனைவி மயிலாத்தாளைக் கேட்காமல் எடுத்தேன். இருபத்தாறு வருஷக் குடும்பத்தில் அப்படி எடுத்த முதல் முடிவு அது.

எலப்புள்ளியில் எனக்கு மூன்று ஏக்கர் தென்னை. பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனும் நானும் ஒரு மாதமாக ஒரு கம்பெனியை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அலைமகள் வயர்லெஸ் என்று பேர். செல்போன் டவருக்கு வேண்டிய கருவிகள் செய்கிறவர்கள். ஆண்டறிக்கை, லாபம், 5ஜி, இனிமேல் வரப்போகிற 6ஜி, எதையும் நாங்கள் விடவில்லை. எங்கள் வீடுகளுக்குள் சிக்னல் எடுக்காது. அதனால் வயர்லெஸ்ஸின் எதிர்காலத்தைக் குப்பண்ணன் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஆராய்ந்தோம்.

வீட்டில் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"பணத்த வாங்கிட்டு அந்தக் கம்பெனி கம்பி நீட்டிருச்சுன்னா என்னங்க பண்றது?" என்றாள் மயிலாத்தாள்.

"வயர்லெஸ்ஸுன்னா கம்பியே கெடையாது புள்ள. இல்லாத கம்பிய எப்படி நீட்டுவான்?"

அவள் சிரிக்கவில்லை. கிணற்று மோட்டார் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது, புது மோட்டாருக்கென்று தேங்காய் விற்ற பணத்தைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். பணம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் பகல் முழுவதும் அவள் பக்கத்துச் சித்தூரில் அக்கா வீட்டில் இருந்தாள். எங்கள் மகள் தமிழ்ப்ரியா கோயம்புத்தூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவள். வீட்டில் போன் சம்பந்தமான காரியம் எல்லாம் அவள் கையில்தான். பணத்தை அவளிடம் கொடுத்து, முழுவதற்கும் அலைமகள் பங்கு வாங்கச் சொன்னேன். ராத்திரி கேட்டேன். "ஆச்சுங்கப்பா" என்றாள்.

பத்தாம் நாள் விலை இறங்க ஆரம்பித்தது. பெரிய டவர் ஆர்டர் ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாம். குப்பண்ணன் தினமும் தொட்டி மேலிருந்து விலையைச் சொல்வார். அவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொண்டாராம்.

அடுத்த மூன்று வாரத்தில் விலை பாதியாகிவிட்டது. பீரோ கதவு கிரீச்சிட்டால் எனக்கு வியர்த்தது. மயிலாத்தாள் சேலை மாற்றப் போனால், கட்டியிருப்பதே எடுப்பாக இருக்கிறது என்று தடுத்தேன். யாரும் சொல்லாமல் பாத்திரம் கழுவினேன். விடியும்முன் கிணற்றடிக்குப் போய் மோட்டாரிடம் இன்னும் ஒரு மாதம் ஓடிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவள் எதையும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாளைக்கு மோட்டார்க்காரர் வருகிறார் என்றாள். இனி ஒளிக்க வழியில்லை.

"அந்தப் பணத்த ஷேர்ல போட்டுட்டேன் மயிலா. பாதி போயிருச்சு."

அவள் அடுப்பைக் குறைத்தாள். நான் கொடுத்த பணத்தைத் தமிழ்ப்ரியா அன்றைக்கே தன்னிடம் கொடுத்துவிட்டாள் என்றாள். 'ஆச்சு' என்றால் அம்மாவிடம் கொடுத்தாச்சு என்று அர்த்தமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொலையாத பணத்துக்கு மூன்று வாரம் துக்கம் அனுஷ்டித்திருக்கிறேன்.

"அப்ப அத்தனையும் பீரோவுல இருக்குதா?"

"பாதி இருக்குதுங்க. பழைய மோட்டாரக் குடுத்து மாத்திக்கிட்டா அது போதும்."

"மீதி?"

"முந்தாநேத்து அலைமகள்ல போட்டேனுங்க. உங்க ஆராய்ச்சி தப்பில்லீங்க, வெலைதான் சாஸ்தியா இருந்துச்சு. இப்பப் பாதிப் பணத்துலயே நீங்க சொன்ன அத்தனை ஷேரும் வந்துருச்சு."

யார் பேரில் என்று கேட்டேன். தன் பேரில்தான் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"நாமினின்னு ஒரு எடம் இருந்துச்சுங்க. அதுல உங்க பேரத்தான் போடச் சொன்னேன்."

அதாவது, அவள் காலத்துக்கு அப்புறம் எல்லாம் எனக்குத்தான். மயிலாத்தாளின் அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. இன்னும் கண்ணாடி போடவில்லை.